வாளா, அன்பா? வரிக் கணக்கையும் கொஞ்சம் புரட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறித்தவமும் இஸ்லாமும் உலகெங்கும் பரவிய விதம் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர் பகுதியில் நடந்துவரும் சண்டையையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் இரண்டுமே வாளால் பரவியவை என்கிறார். இன்னொருவர் இரண்டுமே அன்பால் பரவியவை என்கிறார். மூன்றாமவர் தம் மதம் அன்பால், அடுத்தவர் மதம் வாளால் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் வரித்துறையில் கழிந்தது. அதனால் எந்தப் பேரரசின் கதையைப் படித்தாலும் என் கண் முதலில் கஜானாப் பக்கம்தான் போகும். அங்கிருந்து பார்த்தால், மூவரும் கவனிக்காத ஒரு விஷயம் தெரிகிறது. ஆட்சியைப் பிடித்தவர்களில் பலருக்கு, குடிமக்கள் மதம் மாற வேண்டும் என்ற அவசரம் இருக்கவில்லை. சில இடங்களில் அது அவர்களுக்குத் தலைவலியாகவே இருந்தது.

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் நாணலில் செய்த ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. எகிப்தில் 643 ஏப்ரலில் எழுதப்பட்டது. நபிகள் நாயகம் மறைந்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற அரபுத் தளபதி, தன் படைக்காக ஓர் எகிப்திய ஊரின் கிறித்தவ நிர்வாகிகளிடமிருந்து 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்த ரசீது அது. மேலே கிரேக்கத்தில், கீழே அரபியில். ஐம்பது ஆடுகள் அறுப்புக்கு, பதினைந்து மற்றவை என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பின்புறத்தில், இன்ன ஆண்டு வரியில் இது முன்பணம் என்று கிரேக்கத்தில் ஒரு குறிப்பு. வெற்றி பெற்ற படை, தோற்ற நாட்டில், ஆட்டுக்கு ரசீது கொடுத்து வரியில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது! ஆடு கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படை வாசலில் நிற்கும்போது யார் மறுப்பார்கள்? ஆனால் அந்த நிர்வாகிகள் கிறித்தவர்களாகவே இருந்தார்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், பழைய கணக்குமுறை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எகிப்தில் கிறித்தவர்கள் சிறுபான்மை ஆவதற்கு அதற்குப் பிறகு சில நூற்றாண்டுகள் பிடித்தன. 'படை வந்தது, மதம் மாறியது' என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆட்சி மாறும் வேகமும் மக்களின் நம்பிக்கை மாறும் வேகமும் வேறு வேறு. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதில்தான் சரக்கு இருக்கிறது.

முஸ்லிம் அல்லாதவர்கள் தலைவரியாக ஜிஸ்யா கட்டினார்கள். மதம் மாறினால் அந்த வரி நின்றுவிட வேண்டும். அப்படியானால் மதமாற்றம் கூடினால் வசூல் குறையும். இலக்கு வைத்து வசூல் செய்யும் எந்த அதிகாரியும் இதை ரசிக்க மாட்டார் என்பதை எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கூடச் சொல்லிவிடுவார். கலீஃபாவின் ஆளுநராக ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ் அப்படித்தான் நடந்துகொண்டார். இஸ்லாத்தைத் தழுவி நிலத்தை விட்டு நகரங்களுக்கு வந்த உழவர்களை அவர் திரும்பவும் ஊருக்கே விரட்டினார், வரியையும் கேட்டார். இறைவனைப் பற்றிய கேள்வியாக அவர் இதைப் பார்க்கவில்லை. தரிசு நிலமும் விழுந்த வருவாயும்தான் அவர் கண்ணில் பட்டன.

717-இல் கலீஃபா ஆன இரண்டாம் உமர் இதை மாற்றப் பார்த்தார். எகிப்திலிருந்து அவருடைய வரி அதிகாரி, மதம் மாறுபவர்களால் ஜிஸ்யா வருமானம் சரிகிறது என்று முறையிட்டு எழுதியதாகவும், 'இறைவன் முஹம்மதை அழைப்பாளராகத்தான் அனுப்பினான், வரி தண்டுபவராக அல்ல' என்று உமர் பதில் அனுப்பியதாகவும் அரபு வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். உமர் ஆண்டது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அவருக்குப் பின் கணக்கு பழையபடி திரும்பியது. 728 வாக்கில் மத்திய ஆசியாவில், மதம் மாறினால் ஜிஸ்யா இல்லை என்று ஆளுநர் அறிவித்தார். மக்கள் திரளாக மாறினார்கள். கஜானா காலியாவதைக் கண்டதும், மாறியவர்களிடமும் வரி கேட்டார்கள். கலகம் வெடித்தது. சலுகையை அறிவித்துவிட்டுப் பிறகு சுற்றறிக்கை அனுப்பி அதைப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்.

கிறித்தவத்தின் பக்கமும் ஏறத்தாழ இதே கோப்புதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-இல் கிறித்தவ மதகுருமார்களுக்கு ஊர்ப்பொறுப்புகளிலிருந்து விலக்கு கொடுத்தார். ரோமப் பேரரசில் ஊர்ப்பொறுப்பு என்பது மாலை மரியாதை மட்டும் அல்ல. வசதியுள்ளவர்கள் நகர மன்றத்தில் உட்கார்ந்து, தங்கள் ஊர் வரிக்குத் தங்கள் சொத்தையே பிணையாக வைக்க வேண்டியிருந்தது. விலக்கு வந்ததும் என்ன நடந்திருக்கும்? பணக்காரர்களுக்குத் திடீரென்று இறைப்பணியில் ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. சில ஆண்டுகளிலேயே, நகர மன்றக் குடும்பத்தினர் மதகுருமாராகக் கூடாது என்று அதே கான்ஸ்டன்டைன் சட்டம் போட வேண்டியதாயிற்று. கிறித்தவத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட பேரரசரே, குருத்துவத்துக்குள் நுழையும் கூட்டத்தைத் தடுக்க வாசலில் ஆள் நிறுத்தினார்!

அடுத்து சாக்சனியர்கள். இங்கே வாள்தான் பேசியது, அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. பிராங்கிய அரசர் சார்லமேன் ஜெர்மானிய சாக்சனியர் மீது முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர் நடத்தினார். 782-இல் வெர்டனில் 4,500 பேரை வெட்டியதாக அவருடைய அரசவைக் குறிப்பே சொல்கிறது. ஞானஸ்நானம் பெற மறுத்து ஒளிந்துகொள்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டமே எழுதினார்கள். கூடவே விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம். சார்லமேனின் நம்பிக்கைக்குரிய ஆல்குவின் என்ற அறிஞர் 796-இல் இதைக் கடிதங்களில் வெளிப்படையாகவே எதிர்த்தார். சாக்சனியரின் நம்பிக்கையைக் குலைத்ததே தசமபாகம்தான் என்றார். பரம்பரைக் கிறித்தவர்களான நமக்கே தசமபாகத்தை முழுதாகக் கொடுக்க மனம் வருவதில்லை, நேற்று வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று அரசருக்கு எழுதினார். தன் ஆயர் நண்பருக்கு எழுதும்போது, பக்தியைப் போதிப்பவனாக இரு, தசமபாகம் தண்டுபவனாக இராதே என்றார்.

உமரின் பதிலையும் ஆல்குவினின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரே இடத்தில்தான் இருவருக்கும் வலித்திருக்கிறது. அரசு ஒரு மதத்தைத் தோளில் தூக்கிக்கொண்டால் வசூல்காரனும் பின்னாலேயே வருவான், மக்கள் கண்ணில் மதம் என்றால் அவன் முகம்தான் தெரியும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தார்கள். பைபிளில் இயேசுவின் சீடர் மத்தேயுவே ஆயக்காரர், அதாவது வரி தண்டுபவர் என்பதும், ஜகாத் என்ற கட்டாயக் கொடை நிதியைப் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று குர்ஆன் பட்டியலிடும் எட்டு வகையினரில் அதை வசூலிப்பவர்களும் ஒரு வகை என்பதும் எங்கள் கூட்டத்துக்கு ஓர் ஆறுதல். அது கிடக்கட்டும்.

வரி ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் விடை என்று நான் சொன்னால் அதுவும் 'வாள்' கட்சியைப் போல ஒரு குருட்டுக் கட்சிதான். எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜிஸ்யா கட்டியும் இன்றுவரை கிறித்தவர்களாக இருக்கிறார்கள். 832-இல் நைல் கழிமுகத்தில் வரிக்கொடுமை தாங்காமல் எழுந்த பெருங்கலகத்தை அடக்கக் கலீஃபா மஃமூன் நேரிலேயே வர வேண்டியிருந்தது. அந்தக் கலகத்தில் காப்டிக் உழவர்களோடு முஸ்லிம் அரபுகளும் இருந்தார்கள். அந்த வயலில் நின்றவர்களை மதவாரியாகப் பிரித்துக் கட்டுரை எழுதுவது எனக்குப் புரியவில்லை.

இன்னொரு விஷயம், பதிவேட்டின் மொழி. 700-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் கலீஃபா அப்துல் மலிக்கும் அவர் மகனும் வரிப் பதிவேடுகளை அரபிக்கு மாற்றினார்கள். ஈராக்கில் பாரசீகத்திலிருந்தும், சிரியாவிலும் எகிப்திலும் கிரேக்கத்திலிருந்தும் மாறின. இதற்குக் காரணமாக பலாதுரி என்ற 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒரு கதை சொல்கிறார். கிரேக்க எழுத்தர் ஒருவர் மைக்குத் தண்ணீர் கிடைக்காமல் மைக்கூட்டில் சிறுநீர் கழித்துவிட்டாராம், அதனால் கலீஃபா கோபம் கொண்டாராம். அலுவலகங்களை அறிந்தவன் என்ற முறையில், நடந்திருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. உண்மைக் காரணம் நிர்வாகத்தைத் தன் கைக்குக் கொண்டுவருவது என்பது தெளிவு. விளைவு பெரியது. வேலை வேண்டும் என்றால் அரபி தெரிய வேண்டும். எழுத்தர் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அரபி கற்பித்தன. டமாஸ்கஸின் யோவான் என்று கிறித்தவ உலகம் போற்றும் இறையியலாளர், கலீஃபாக்களுக்கு நிதி நிர்வாகம் பார்த்த கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 10ஆம் நூற்றாண்டில் எகிப்தின் காப்டிக் ஆயர் ஒருவர் தன் சமயத்தைக் காக்க நூல் எழுதியபோது அரபியில்தான் எழுதினார். எகிப்தில் மொழி முதலில் போயிற்று, மதம் பலருக்கு அப்புறம்தான் மாறியது, சிலருக்கு மாறவே இல்லை. பாரசீகத்தில் நேர் எதிர். மதம் மாறியது, மொழி நிலைத்தது. இஸ்லாமிய உலகத்தின் மகத்தான கவிதை பலவும் அந்த மொழியில்தான் பிறந்தன.

அரசு விலகி நின்ற இடங்களையும் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி பேரரசர் மன்சா மூசா 1324-இல் ஹஜ் பயணம் போனபோது கெய்ரோவில் வாரி இறைத்த தங்கம் அங்கே தங்கத்தின் விலையையே சரித்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த அரபு எழுத்தாளர் அல்உமரி எழுதி வைத்திருக்கிறார். தங்கம் எடுக்கும் ஊர்களைப் பிடித்து அங்கே இஸ்லாத்தைப் பரப்பினால் தங்கம் வருவது குறைந்து நின்றே போகிறது என்று மாலி அரசர்கள் கண்டார்களாம். அதனால் அந்த மக்களை அவர்களுடைய பழைய நம்பிக்கையிலேயே விட்டுவிட்டுத் திறை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். ஹஜ் போன பேரரசரின் பை, முஸ்லிம் அல்லாதவர்கள் தோண்டிய தங்கத்தால் நிரம்பியது.

கிறித்தவ அரசுகளும் இதில் சளைத்தவை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளை எளிதில் அனுமதிக்கவில்லை. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1800-இல் வங்காளத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூரில்தான் போய்த் தங்கினார். அதே கம்பெனி பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குப் போகும் யாத்ரீகர்களிடம் வரி வசூலித்துக் கோயில் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டது. இங்கிலாந்திலிருந்த கிறித்தவர்கள் கொதித்துப் போனார்கள். வட நைஜீரியாவிலும் பிரிட்டிஷ் ஆட்சி, முஸ்லிம் அமீர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்காக மிஷனரிகளைத் தடுத்து வைத்தது. ஐவரி கோஸ்ட் பக்கம் 1913-14-இல் வில்லியம் வாடே ஹாரிஸ் என்ற லைபீரியர், வெள்ளை அங்கியும் மூங்கில் சிலுவையுமாக ஊர் ஊராக நடந்து பல்லாயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. பிரெஞ்சு அதிகாரிகள் அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஆப்பிரிக்காவில் கிறித்தவம் பெருவளர்ச்சி கண்டதே இப்படிப்பட்ட உள்ளூர் போதகர்களாலும், காலனி ஆட்சிகள் மூட்டை கட்டிய பிறகும்தான்.

வங்காளமும் இந்த வரிசையில் சேரும். டெல்லி, ஆக்ரா போன்ற ஆட்சி மையங்களைச் சுற்றி முஸ்லிம்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். ஆட்சியின் விளிம்பில் கிடந்த கிழக்கு வங்காளத்திலோ பெரும்பான்மை ஆனார்கள். வாளும் ஜிஸ்யாவும்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? முகலாய அதிகாரிகள் காட்டைத் திருத்தி நெல் விளைவிப்பவர்களுக்கு வரியில்லா மானிய நிலம் கொடுத்தார்கள். சிட்டகாங் பக்கம் அப்படிக் கொடுத்த பல மானியங்களில், நிலத்தின் வருமானத்தில் ஒரு பள்ளிவாசலைப் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிவாசலைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி ஊர். சில இடங்களில் கோயிலுக்கும் மானியம் கொடுத்தார்கள். ஏர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தத் தேதியில் முஸ்லிம்கள் ஆனார்கள் என்று கேட்டால் அவர்களாலேயே சொல்லியிருக்க முடியாது.

சமூகச் செல்வாக்கு பற்றி உங்கள் கட்டுரை இரண்டே வரிகளில் முடித்துக்கொண்டது. பழைய தெய்வங்களை மீட்க முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியது நினைவுக்கு வருகிறது. அந்தக் கலிலேயர்கள் (கிறித்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளுக்கு மட்டுமின்றி நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாமோ நம்மவர்களையே கவனிப்பதில்லை என்றார். எதிராளி கொடுத்த சான்றிதழ் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். வரிவிலக்குக்காகக் குருவாக ஓடியவர்களும், கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் ஒரே சபையில் இருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளில் கப்படோக்கியாவில் ஆயர் பசில், நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு பெரிய இல்லத்தையே கட்டினார்.

இஸ்லாமிய உலகில் அந்த வேலையை வக்ஃபு, அதாவது அறப்பணிக்கென்று சொத்தை எழுதி வைக்கும் ஏற்பாடு, செய்தது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனை ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்று பாராமல் வைத்தியம் பார்த்தது. சொத்துகளின் வாடகை வருமானத்தை அதற்கென எழுதி வைத்திருந்தார்கள். சுல்தான் போனாலும் மருத்துவமனை நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வாரிசுச் சண்டையிலிருந்தும் அரசர் பறிமுதலிலிருந்தும் சொத்தைக் காப்பாற்ற வக்ஃபை ஒரு கேடயமாகப் பயன்படுத்தியவர்களும் நிறைய உண்டு; அந்தத் தந்திரத்தை எங்கள் துறைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படி ஒளித்த சொத்திலும் எத்தனையோ பள்ளிகளும் குடிநீர் நிலையங்களும் ஓடின.

எழுத்தும் அப்படித்தான். வேதத்தை மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்றுதான் 405 வாக்கில் மெஸ்ரோப் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கினார், 9ஆம் நூற்றாண்டில் சிரில் ஸ்லாவியருக்கு எழுத்து அமைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஹௌசா, ஃபுலானி மொழிகள் அரபு எழுத்தில் எழுதப்பட்டதால், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே கடிதமும் கவிதையும் இருந்தன. இவற்றோடு, இரண்டு மதத்தாரும் தம் வேதத்தைக் காட்டியே அடிமை வியாபாரத்தை நியாயப்படுத்தினார்கள் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை 1845-இல் அடிமைமுறை பற்றிய சண்டையில்தான் தனியே பிரிந்தது. 1995-இல் மன்னிப்புக் கேட்டது.

கடைசியாக, கட்டுரையில் உள்ள இரண்டு தகவல்களுக்குத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கான்ஸ்டன்டைன் 313-இல் கிறித்தவத்தை அரச மதமாக்கினார் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டில் கிடைத்தது வழிபாட்டுச் சுதந்திரமும் பறிமுதலான சொத்துகளும்தான். ரோமில் அரச மதம் ஆனது 380 பிப்ரவரியில் பேரரசர் தியோடோசியஸ் ஆணையால். ஆர்மீனிய அரசர் திரிதாத் அதற்கு இரண்டு தலைமுறை முன்பே தன் நாட்டில் அதைச் செய்துவிட்டார். இரண்டாவது, இந்தோனேசியாவை அரபுப் படைகள் வென்றன என்ற வரி. அப்படி ஒரு படையெடுப்பே நடக்கவில்லை. 1292-இல் சுமத்திரா வழியாகப் போன மார்க்கோ போலோ, அங்கே பெர்லாக் என்ற துறைமுகத்தில் மக்கள் முஸ்லிம் வணிகர்களின் தொடர்பால் இஸ்லாத்துக்கு மாறியிருப்பதாக எழுதியிருக்கிறார். பிறகு ஜாவாவில் உள்ளூர் அரசுகளுக்குள் போர்கள் நடந்தன, அவற்றில் மதமும் கலந்திருந்தது. ஆனால் போரிட்ட இரு தரப்பும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரித்துறை ஊழியர், உங்கள் நெடுநாள் வாசகர்